பதினாறு வீட்டுக் கிருமிகள்

மார்ச் 2

கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவராசிகளுக்குப் படியளக்கும் மகாராணியும், என் அக்கா பெற்ற ஒரே அதிசயமுமான, ‘கிருமி’ என்கிற செல்லப்பெயர் கொண்ட அம்மையாரின் சமூகத்துக்கு, தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தை எழுந்து நின்று படிக்கவும். உன் மாமன் இப்போது சாதாரண ஆள் இல்லை. எங்கள் குடியிருப்பின் பதினாறு வீடுகளுக்கும் செயலாளர். ஏகமனதான தேர்வு. கூட்டத்துக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேரில் நான்கு பேர் ‘எனக்கு வேண்டாம்’ என்றார்கள். ஐந்தாவது ஆள் நான். வரலாறு இப்படித்தான் மாமனிதர்களைக் கண்டெடுக்கிறது.

மாடிப்படி பல்பு அணைந்து ஒரு யுகம் ஆகிறது. பின்பக்கச் சாக்கடை நாற்றத்தில் போன வாரம் ஒரு காக்கை பறந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள், யாரும் ஒரு துரும்பை நகர்த்துவதில்லை. பல் டாக்டரிடம் கேட்டால் தையல்காரம்மாவைக் காட்டுகிறார். அவர் பாட்டு டீச்சரைக் காட்டுகிறார். பாட்டு டீச்சர் ஆகாயத்தைக் காட்டுகிறார்.

அப்போதுதான் நீ முன்பு அனுப்பிய அந்தப் படம் நினைவுக்கு வந்தது. இருட்டில் நீலமாக ஒளிவிடும் உன் கிருமிகள். அதுகளுக்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, தீர்மான நோட்டு கிடையாது. ஆனாலும் கோடிப்பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் விளக்கேற்றுகின்றன! இங்கே பதினாறு வீடு சேர்ந்து ஒரு பல்பு மாற்ற முடியவில்லை. அதுகளின் அரசியல் சட்டம் என்ன? உடனே எழுது. மனித குலத்தின் தலைவிதி, குறைந்தது கீழ்த்தளத்தின் தலைவிதி, உன் கையில்.

எடைமேடையில் வேலை எப்போதும்போல. லாரிகளைப் பகல் முழுக்க நிறுத்து கிலோ பிசகாமல் உண்மை எழுதிக் கொடுக்கிறேன். ஒரு மனிதன் எட்டு மணி நேரம் உண்மை பேசினால் மிச்ச நேரத்தில் அதைச் சமன் செய்ய வேண்டாமா? என்னைத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

உன் அம்மா சுகம். மூன்று வேளையும் மூன்றாம் மாடிக்குப் போய் அவள் கையால்தான் சாப்பிடுகிறேன். உன் கடிதம் வாரம் தவறாமல் வருகிறது. பிரிப்பதில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துவிடுகிறாள். குப்பையில் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உன் மாமா
(செயலாளர்)

*

மார்ச் 6

மாமா,

நின்றுகொண்டுதான் படித்தேன். இங்கே உட்கார நாற்காலி காலி இல்லை. உங்கள் பட்டங்களில் ‘படியளக்கும்’ என்பது மட்டும் நிஜம். தினமும் காலை எட்டு மணிக்குக் குடுவை குடுவையாக ஊற்றிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்பட. அதுகளுக்கு ஞாயிறு தெரியாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு கிருமியும் ஒரு சின்னப் பொருளைத் தன்னைச் சுற்றிக் கசியவிடுகிறது. ‘நான் இருக்கிறேன்’ என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. தனியாக இருந்தால் அது தண்ணீரில் கரைந்து போய்விடும். பலபேர் பக்கத்தில் இருந்தால் அது அடர்த்தியாகும். ஓர் அளவைத் தாண்டியதும் ‘ஓ, நாம் நிறையப்பேர் இருக்கிறோம்’ என்று எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தெரியும். அப்போதுதான் விளக்கு. ஒற்றை ஆளாக எரிந்து ஒரு கிருமியும் தன்னை வீணடித்துக்கொள்வதில்லை. அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் மாமா, அதுகளைத் தெய்வமாக்காதீர்கள். விளக்கேற்றுவதற்கு மட்டும் அதுகள் கூடுவதில்லை. அப்பாவின் நெஞ்சிலும் அதேபோல ஒரு கூட்டம்தான் சத்தமில்லாமல் எண்ணிக்கை சேர்த்துக்கொண்டு இருந்தது.

ஒரு செய்தி. இந்த ஆய்வகத்தில் எனக்கு நிரந்தர வேலை தருகிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆறு வருடம் நகர முடியாது. நம் ஊர்த் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே வரத்தான் ஆசை. ஆனால் அம்மா கதவைத் திறக்காத ஊரில் நான் எந்த வீட்டில் போய் இருப்பது?

அப்பா இறந்து இரண்டு நாள் கழித்து நான் வந்து வாசலில் நின்றபோது அவள் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். “உன் கிருமிங்க பசியோட இருக்கும், போ.” பதினான்கு மாதம் ஆகிறது. நான் ஏன் முன்னாலேயே வரவில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். இன்னோர் ஆள் சொல்வார் என்று காத்திருக்கிறேன்.

கிருமி

*

மார்ச் 11

மகாராணிக்கு,

சட்டம் அமலுக்கு வந்துவிட்டது! உலகின் முதல் கிருமிக் குடியரசு எங்கள் மாடிப்படியில் உதயம். வருங்காலத்தில் இங்கே கல்வெட்டு வைப்பார்கள், நாற்றம் போன பிறகு.

விதி எளிது. யாருக்காவது குறை இருந்தால் கத்தக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. கீழ்த்தளப் படிக்கட்டுக் கம்பியில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ‘நான் இருக்கிறேன்.’ முடிந்தது. கிளிப் பத்து சேர்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினாறு வீடும் படிக்கட்டில் கூடி வேலையில் இறங்க வேண்டும். சாட்சாத் உன் கிருமிகளின் ஏற்பாடு.

முதல் நாள் இரண்டு கிளிப். மறுநாள் எட்டு! கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு பார்த்தால் அதில் ஆறு ஒரே பச்சை நிறம். பல் டாக்டர் ஒருவரே மாட்டியிருக்கிறார். “என்ன டாக்டர் இது அக்கிரமம்?” என்றேன். “என் குறை ஆறு ஆள் குறைக்குச் சமம் சார்,” என்கிறார். அன்று சாயங்காலமே கம்பி மொட்டை. தையல்காரம்மா அத்தனையையும் எடுத்துப்போய் ஈரத்துணி காயப்போட்டிருக்கிறார். “கம்பியில சும்மாதானே தொங்குது? காத்துல என் துணி பறந்தா உங்க கிருமி வந்து பிடிக்குமா?”

ஆகவே திருத்தச் சட்டம்: வீட்டுக்கு ஒரு கிளிப், தொட்டவர் துரோகி. பல் டாக்டரைப் போன்றவர்களை உன் உலகத்தில் என்ன செய்வார்கள்? தூக்கிலிடுவார்களா?

உன் அம்மாவுக்குச் சட்டத்தை விளக்கினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “மனுஷங்க எப்படி வாழணும்னு அதுங்ககிட்டயா கத்துக்கணும்? என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனதும் அதுங்கதானேடா.” நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இது எவ்வளவு அரிது என்று உனக்குத் தெரியும்.

நீ கேட்ட மற்ற விஷயத்துக்குக் காலம் கனிய வேண்டும். அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி வேறு.

மாமா

*

மார்ச் 15

மாமா,

கிளிப் கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரி ஒரு கிருமித் தட்டையே கீழே போட்டுவிட்டாள். நாற்பது லட்சம் உயிர்ச்சேதம். உங்கள் கணக்கில் நாற்பது கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல் டாக்டர் கேள்விக்குப் பதில். சில கிருமிகளுக்கு உணவு நேராக உள்ளே போகாது. முதலில் ஒரு சாற்றைச் சுரந்து வெளியே இருப்பதைக் கரைக்க வேண்டும். சாறு சுரப்பது பெரும் பாடு. ஆனால் கரைந்தது எல்லோருக்கும் பொது. அதனால் சில பேர் சுரப்பதை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் கரைத்ததைக் குடித்துக்கொண்டு கொழுகொழுவென்று இருப்பார்கள். குடுவையில் அவர்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். பாரம் சுமக்கிறவர்கள்தான் மெல்ல மெல்ல இளைப்பார்கள்.

மாமா, நான் பல் டாக்டரைப் பற்றி எழுதவில்லை.

அப்பா போன அன்று காலை ஏழரை மணிக்கு நான்தான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். “அப்பாவுக்கு எப்படி இருக்கு, கிளம்பி வரட்டுமா?” என்று கேட்டேன். “வெறும் இருமல்டா. நீ வேலையப் பாரு,” என்றீர்கள். அப்போது அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் குழாய் பொருத்திப் படுத்திருந்தார். நீங்கள் அந்த அறை வாசலில் நின்றுதான் பேசினீர்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உங்களோடு ஃபோனில் பேசுவதை நான் ஏன் விட்டேன், ஏன் எழுதச் சொன்னேன் என்று நீங்கள் ஒரு தடவையும் கேட்கவில்லை.

இதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். இழுப்பறையில் இருக்கும் கடிதங்கள் எதிலும் சொல்லவில்லை. அவளுக்கு இருப்பது இனி நீங்கள் ஒருத்தர்தான். அதையும் நான் பிடுங்கிக்கொள்வதா? ஆனால் இளைத்துவிட்டேன் மாமா. கையெழுத்துக்குப் பதினாறு நாள் இருக்கிறது.

கிருமி

*

மார்ச் 20

கண்ணே,

இன்று பட்டம் ஒன்றும் வரவில்லை. நேற்று நடந்ததை முதலில் சொல்கிறேன். சொல்லத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால்தான் சொல்லத் தெரியாததற்கு வர முடியும்.

சனிக்கிழமை பத்தாவது கிளிப் விழுந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிக்கட்டில் எள் போட்டால் விழாது. பதினாறு வீடும்! பல் டாக்டர் துடைப்பத்தோடு. கீழ்வீட்டு டிரைவர் காலில் ரப்பர் பூட்ஸ். பாட்டு டீச்சர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு. நான் இரண்டாம் படியில் ஏறி நின்று, “தோழர்களே!” என்றேன்.

“சரி, எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்றார் டிரைவர்.

அப்போதுதான் உறைத்தது. கிளிப் மாட்டச் சொன்னேனே தவிர, எந்தக் குறைக்காக என்று சொல்ல ஒரு வழியும் வைக்கவில்லை.

“சாக்கடைக்குத்தானே?” என்றேன்.

“எனக்குச் சாக்கடை இல்ல சார். மேல் வீட்டுப் பாட்டு,” என்றார் பல் டாக்டர்.

“என் பாட்டா? உங்க மிஷின் பல்லுக்குள்ள கொர்ருங்கற சத்தத்துக்குத்தான் நான் கிளிப்பே போட்டேன்!” என்றார் டீச்சர்.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. விடியற்காலை அஞ்சு மணிக்கு வண்டிய உறுமவிடறாரே இவரு, அதுக்கு நான் போட்டேன்,” என்றார் தையல்காரம்மா.

“உங்க தையல் மிஷின் மட்டும் தாலாட்டா பாடுது?” இது டிரைவர்.

பத்துக் கிளிப்பில் ஒன்றுகூடச் சாக்கடைக்கு இல்லை! நாற்றம் எல்லோருக்கும் பழகிவிட்டிருக்கிறது. ஒன்பது கிளிப்பும் அடுத்தவர் சத்தத்துக்கு. ஒன்பது வீடும் ஒரே நேரத்தில் பேச, இடிந்து விழாமல் கட்டடம் நின்றதற்குக் கொத்தனாரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

“பத்தாவது யாருது? அந்த மரக் கிளிப்பு?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்னுது.”

திரும்பிப் பார்த்தால் உன் அம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, முதல் மாடித் திருப்பத்தில் நிற்கிறாள்.

“உங்களுக்கு யாரு சத்தம்க்கா?” என்றார் டிரைவர், கொஞ்சம் பயந்து.

“எனக்குச் சத்தம் ஒண்ணும் இல்லப்பா. அதான் குறை. பதினாலு மாசமா என் வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. நீங்க எல்லாம் கூடி என்ன பண்ணுவீங்களோ, பண்ணுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று. அப்புறம் டிரைவர் பின்பக்கம் போய்ச் சாக்கடை மூடியைத் தூக்கினார். பல் டாக்டர் பின்னாலேயே போனார். எல்லோரும் போனோம். ஒன்றரை மணி நேரத்தில் சுத்தம். யாரும் யாரையும் ஏவவில்லை. ஏன் செய்தோம் என்று இப்போது கேட்டாலும் எவருக்கும் சொல்லத் தெரியாது.

இனி, சொல்லத் தெரியாதது.

நான் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கினேன். ஜலதோஷத்தை மரணப்படுக்கை என்றேன். தூறலைப் பிரளயம் என்றேன். அன்று அந்த வாசலில், உண்மையிலேயே பெரிதான ஒன்று எனக்கு முன்னால் படுத்திருந்தது. அதற்கு என் வாயில் சொல் இல்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன். சாயங்காலத்துக்குள் அத்தான் எழுந்து உட்கார்ந்து என்னைக் கேலி செய்வார், அப்புறம் உனக்கு ஃபோன் போட்டு ‘எமனையே விரட்டினோம்’ என்று கதை விடலாம் என்று இருந்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை குறைத்துச் சொன்னேன். நீயும் அதை நம்பிவிட்டாய். மாமாவே இருமல் என்கிறார் என்றால் அது இருமல்கூட இருக்காது என்று நினைத்திருப்பாய்.

அதன்பிறகு நான் சாறு சுரக்கவே இல்லை. மூன்று வேளையும் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, அவள் உன்னைத் திட்டும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொழுகொழுவென்றுதான் இருக்கிறேன்.

நேற்று அவள் பின்னாலேயே மூன்று மாடியும் ஏறினேன். கதவு வரைக்கும் போனேன். அவள், “என்னடா?” என்றாள். “முழங்காலுக்குத் தைலம் வேணுமா?” என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மாமா

*

மார்ச் 23

மாமா,

ஆய்வகத்துக்கு இன்று போகவில்லை. குடுவைகளுக்குப் பக்கத்து மேஜைக்காரி ஊற்றுகிறாள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா படியில் நின்று சொன்ன இடத்தை அதற்கும் மேலே.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது உங்கள் குடும்பப் பழக்கமாகிவிடும். ஆனால் நீங்கள் எழுதிய மாதிரிதான் நடந்திருக்கும் என்று எனக்கு எப்போதோ தெரியும். அன்று உங்கள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானும் நம்ப விரும்பினேன் மாமா. என் பங்கும் அதில் இருக்கிறது.

கிருமிகளைப் பார்த்து மனிதர்கள் எப்படி வாழலாம் என்று கேட்டீர்கள். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். அதுகள் கூடும், பகிரும், பிறருக்காக வெடித்துச் சாகக்கூடச் செய்யும். ஆனால் எந்தக் கிருமியும் இன்னொன்றிடம் போய் ‘தப்பு என்னுது’ என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லக் கசியவிட அதுகளிடம் ஒரு பொருளும் இல்லை. அதை அதுகளிடம் கேட்டுப் பயன் இல்லை மாமா. நாமாகத்தான் செய்ய வேண்டும்.

எட்டு நாள்.

கிருமி

*

மார்ச் 28

கண்ணே,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் சாப்பாடு போட்டு எதிரில் உட்கார்ந்தாள். கை வைக்காமல் சொன்னேன். எடைச்சீட்டு எழுதுவதுபோல. ஏழரை மணி, நீ கேட்டது, நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “ஃபோன் யார் பண்ணினா? நீயா, அவளா?”

“அவ.”

“அவளா பண்ணினாளா?”

“ஆமாக்கா.”

“கிளம்பி வரட்டுமான்னு கேட்டாளா?”

“கேட்டா.”

“கேட்டாளா,” என்றாள் மறுபடியும். என்னிடம் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் இல்லாத மாதிரி.

என் தட்டை எடுத்து அடுப்பங்கரையில் வைத்தாள். இழுப்பறையைத் திறந்து உன் கடிதங்களை எடுத்து மேஜையில் அடுக்கினாள். அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் தேதிவாரியாகவே இருந்தன. காய் நறுக்கும் கத்தியால் முதல் உறையைக் கிழித்தாள். தலை நிமிராமல், “வெளிய போடா,” என்றாள். போனேன்.

அதற்கப்புறம் இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடும் இல்லை. பல் டாக்டர் வீட்டில் சாப்பிடுகிறேன். அவர்கள் மெல்லுவதற்குக் கஷ்டமானது எதுவும் சமைப்பதில்லை. இது மிகை இல்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மேலிருந்து குரல் வந்தது. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கையில் ஒரு கடிதம். மூக்குக்கண்ணாடி நெற்றியில்.

“எழுதறப்ப ஒண்ணு எழுது. நீயா எதையும் சேர்க்காத. கையெழுத்து போட வேணாம்னு எழுது. அவகிட்ட எனக்குச் சண்டை இருக்கு. மாமன் சொன்னா மகளுக்குப் புத்தி எங்க போச்சு, ஆஸ்பத்திரிக்கு நேரா ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா, அப்படீன்னு நேர்ல கேக்கணும். கேக்க ஆள் வேணும். வரச் சொல்லு.”

“உன்கிட்ட பேசலாமா அக்கா?” என்றேன்.

“உன்கிட்ட நான் பேசல. அவளுக்குத்தான் பேசறேன்,” என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். சேர்க்கச் சொன்னால் ஒரு புராணமே சேர்ப்பேன். சேர்க்கவில்லை. என்னோடு அவள் பேச மாட்டாள், சரி. அது எனக்கு உரியது. நீ வா.

மாமா

*

மார்ச் 31

மாமா,

கையெழுத்துப் போடவில்லை. காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். ஆய்வகத்தின் பெரிய டாக்டர், “அங்க தண்ணியத்தானே பார்க்கப் போற, என்ன இருக்கு?” என்றார். “எங்க அம்மா இருக்காங்க,” என்றேன்.

குடுவைகளைப் பக்கத்து மேஜைக்காரியிடம் ஒப்படைத்தாயிற்று. திங்கட்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு வாருங்கள், பெட்டி கனம். மூன்றாம் மாடி வரைக்கும் நீங்கள்தான் தூக்கிவர வேண்டும். வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடக் கூடாது. உள்ளே வரணும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும், நாற்காலியில் உட்காருங்கள்.

முதலில் அவள் என்னோடு சண்டை போட்டு முடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அதற்கப்புறம் உங்களுக்காக நான் அவளோடு சண்டை போடுகிறேன்.

உங்கள் கிருமி